நாலு விரல் இரும்பு

“அந்த இரும்பு கத்தியாத்தான் இருக்கணுமா? ஒரு ஆணி இருந்தா ஆகாதாம்மா?”

கமிஷன் விசாரணையில் முப்பிடாதியிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. கேட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி, தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் முன்னால் மைக் இருந்தது, பக்கவாட்டில் காமிரா இருந்தது, பின்னால் கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் கூடம் நிறைய இருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே முப்பிடாதிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தரையைப் பார்த்துக்கொண்டு வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

“கத்தியாத்தான் இருக்கணும். முனையும் பதமும் வேணும். அது இருக்குன்னு அடுத்தவங்களுக்குத் தெரியவும் கூடாது. தெரிஞ்சா பலிக்காது.”

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். முப்பிடாதி இறங்கி வந்து தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நாளில் அவள் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே சட்டத் திருத்தமாக வந்துவிட்டது.

தென்கோட்டைப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆண்கள் சட்டைக்குப் பின்னால் அரிவாளைச் செருகிக்கொண்டு கோயில் கொடைக்குப் போனார்கள், கல்யாணத்துக்குப் போனார்கள், கோர்ட்டுக்கும் வந்தார்கள். யார் முதுகில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஊர் நடந்துகொண்டிருந்தது. மறைகத்திச் சட்டம் வந்து, தூண்கள் வந்த பிறகுதான் அது நின்றது. ஆள் உயரத்தில் சாம்பல் நிறத் தூண். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், சந்தை, ஆஸ்பத்திரி, கோயில், கோர்ட்டு என்று கூட்டம் கூடுகிற இடத்தில் எல்லாம் ஒன்று நின்றது. துணிக்குள் இருப்பது இரும்போ பீங்கானோ பிளாஸ்டிக்கோ, பதம் பிடித்த பொருளாக இருந்தால் தூண் அதன் உருவத்தை அப்படியே வரைந்துவிடும். முகத்தைப் பார்த்து ஆள் யார் என்றும் சொல்லிவிடும். சிவப்பு எரிந்தால் கதவு பூட்டிக்கொள்ளும். வெளியே தெரியும்படி கொண்டுபோனால் குற்றமில்லை. இளநீர்க்காரரும் பலாப்பழக்காரரும் ஆரஞ்சு நிற உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒளித்தால்தான் குற்றம். ஒளித்தவருக்கு மூன்று வருஷம்.

கொலை குறைந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. நடந்த ஒன்றிரண்டும் தூண் இல்லாத வயக்காட்டிலும் குளத்தங்கரையிலும் நடந்தன. முப்பிடாதியின் சித்தப்பா ஒரு கொடைப் பந்தலில், பொங்கல் பானைகளுக்கு நடுவில் வெட்டுப்பட்டுச் செத்தவர். அன்றைக்கு ஒரு தூண் இருந்திருந்தால் என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி வெளியே போகும்போது, காத்து கருப்பு அண்டாமல் இருக்க, பிள்ளையின் தலைமாட்டுத் துணிக்குள் சின்னக் கத்தி ஒன்றைச் சுற்றி வைத்துக்கொள்வாள் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு அதைப் போய்ச் சொல்லத் தோன்றவில்லை. இதையெல்லாமா சட்டத்தில் எழுதுவார்கள் என்று இருந்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஊசி போட வந்த ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் பிடிபட்டு, பிள்ளையோடு சிறைக்குப் போனாள். அவளுக்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். அதை விசாரிக்கத்தான் கமிஷன் போட்டார்கள்.

முப்பிடாதிக்கு அந்த அளவுக்கு வரவில்லை. அவள் பிள்ளை பெற்று, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது வாசலில் நின்ற போலீஸ்காரி இரக்கக்காரி. கத்தியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டாள். மறுநாள் பிள்ளை செத்துப்போனது. காமாலை என்றார் டாக்டர். காமாலைதான், கண்ணின் நிறத்தை முப்பிடாதியே பார்த்தாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் மைக் முன்னால் நின்றபோது, ஆணி போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்போது அவள் தென்கோட்டைக் கோர்ட்டு வாசலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சிவப்பு எரிந்த பெண்ணைப் பெண்தான் தடவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குப் படிப்பு தேவையில்லை. பேசவும் தேவையில்லை. அவளுக்கு ஏற்ற வேலை. கமிஷன் வந்தபோது, வாசலில் நிற்கிறவள் ஒருத்தியையும் கேட்போம் என்று யாரோ சொல்ல, இவளைத் தள்ளிவிட்டார்கள். இப்படித்தான் அந்தக் கேள்வி அவளிடம் வந்தது.

திருத்தத்துக்குப் பேறுகால விலக்கு என்று பெயர். பிள்ளை பெற்ற நாற்பத்தொரு நாள் வரை தாய் ஒரு கத்தியை மறைத்து வைத்துக்கொள்ளலாம். நாலு விரல் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. பிறப்புப் பதிவைப் பார்த்துத் தூண் தானே நாட்களை எண்ணிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் வந்தால் சிவப்புக்குப் பதிலாக நீலம் எரியும். நீலம் எரிந்தவளை யாரும் தொடக் கூடாது. கத்தியை எடு, காட்டு என்று கேட்கவும் கூடாது. தெரிந்தால் பலிக்காது என்று முப்பிடாதி சொல்லியிருந்தாள் அல்லவா, அதற்காக.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கைப்பிள்ளையோடு வருகிறவர்கள் நீலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். விஷயம் தெரிந்த ஒருத்தி முப்பிடாதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முப்பிடாதிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு ஒருநாள் கோர்ட்டு வராந்தாவில், சாட்சி சொல்ல வந்த மாட்டு வியாபாரி ஒருவர் கழுத்தில் குத்துப்பட்டுச் செத்தார். சின்னக் கத்தி. எப்படி உள்ளே வந்தது என்று பெரிய விசாரணை நடந்தது. சென்னையில் இருந்து ஆட்கள் வந்து தூணைக் கழற்றிப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு சிவப்புகூட எரியவில்லை, தூண் சரியாகத்தான் இருக்கிறது என்று மாட்டிவிட்டுப் போனார்கள். நீலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது குற்றத்தில் சேராது.

வாசலில் முப்பிடாதியோடு நிற்கிற ஏட்டம்மா ஜெபக்கனிதான் முதலில் விளையாட்டாகச் சொன்னது. “ஏ முப்பிடாதி, பாத்தியா? கேசு உள்ள வீட்டுலதான் பிள்ளையும் பொறக்கு. மத்தவ எல்லாம் மலடி போல.”

முப்பிடாதி சிரித்தாள். அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தாள். தூணுக்குப் பக்கத்தில் கையளவு திரை ஒன்று உண்டு. ஆளின் உருவம் நிழலாகவும், கத்தி வெள்ளைக் கோடாகவும் அதில் தெரியும். பெரும்பாலோருக்குக் கோடு பிள்ளையின் தலைப்பக்கம் இருந்தது. சிலருக்கு மட்டும் தாயின் இடுப்பில் இருந்தது. பிள்ளைக்கு வைக்கிற இரும்பு பிள்ளையிடம்தான் இருக்கும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடுப்பில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்களோடு வந்த ஆண்கள் பக்கத்து வாசல் வழியாக வெறுங்கையோடு முதலில் உள்ளே போய், அங்கே நின்று காத்திருந்தார்கள்.

ஜெபக்கனியிடம் சொன்னாள். ஜெபக்கனி சிரிப்பை நிறுத்தினாள்.

“மேல சொல்லணும்னா நீதான் சொல்லணும், நீ சொல்லித்தான் வந்துச்சு,” என்றாள். “சொன்னா மறுநாளே விலக்கைத் தூக்கிருவான். அப்புறம் காய்ச்சப் பிள்ளையைத் தூக்கிட்டு வாரவளை எல்லாம் தள்ளிட்டுப் போயி ஜீப்புல ஏத்தணும். நீ ஏத்துவியா? என்னால ஆகாது.”

முப்பிடாதியாலும் ஆகாது. அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சந்தனமாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கோர்ட்டு கூடுகிற நேரம். இருபது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்து வியர்த்திருந்தது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தூணைக் கடந்தாள். நீலம் எரிந்தது. முப்பிடாதி திரையைப் பார்த்தாள். பிள்ளையின் பக்கம் ஒன்றுமில்லை. வெள்ளைக் கோடு அவளுடைய இடுப்பில், வலது கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

அன்றைக்குப் பலவேசத்தின் கேசு. குளத்தங்கரையில் ஒருவரை வெட்டிக் கொன்றதாகக் கேசு. ஜாமீனில் இருந்த பலவேசம் காலையிலேயே வக்கீலோடு உள்ளே போய்விட்டான். வெட்டியதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். ஆவுடையப்பன், வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தவர். இத்தனை நாளும் போலீஸ் அவரை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தது. அன்றைக்குத்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

ஆண்களுக்கான வாசலைக் கடந்து உள்ளே நின்ற ஒருவன், “மதினி, வாங்க, நேரமாச்சு,” என்று கூப்பிட்டான். பலவேசத்தின் தம்பி கொம்பையா. மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

மதினி என்றதும், இவள் பலவேசத்தின் பெண்டாட்டி என்று முப்பிடாதிக்குப் புரிந்துவிட்டது. நீலம் எரிந்தவளை நிறுத்த அவளுக்கு அதிகாரம் இல்லை. கை நீட்டினால் வேலை போய்விடும். மாட்டு வியாபாரி அன்று காலையில் வாசலில் நின்று, ஜெபக்கனியிடம் டீ எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவளுக்கே தெரியாமல் வாய் பேசியது.

“பிள்ளை அழப்போகுது. பால் குடுத்துட்டுப் போ தாயி.”

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சந்தனமாரி பிள்ளையைப் பார்த்தாள், முப்பிடாதியைப் பார்த்தாள். வாசலை ஒட்டியே பாலூட்டுகிற அறை இருந்தது. ஒரு கதவு கோர்ட்டுக்குள்ளே, இன்னொரு கதவு தெருவுக்கு. உள்ளே போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று கொம்பையா சொன்னான். கோர்ட்டுக்குள் எங்கேயும் கொடுக்க விட மாட்டார்கள், இங்கேதான் கொடுக்க வேண்டும் என்று முப்பிடாதி சொன்னாள். அப்படி ஒரு விதி கிடையாது. சந்தனமாரி அவள் பின்னால் வந்தாள்.

அறையில் ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, சுவரில் சிரிக்கிற குழந்தைப் படம். முப்பிடாதி உள்கதவைத் தாழ்போட்டாள். சந்தனமாரி உட்கார்ந்தாள். முப்பிடாதிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டாள். முப்பத்திரண்டு என்றாள் அவள். பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டாள். கேசு முடியட்டும் என்று இருக்கிறார்கள் என்றாள். பிறகு இரண்டு பேரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“பிள்ளைக்கு இரும்பு வைக்கலையா?” என்று முப்பிடாதி கேட்டாள்.

“இருக்குக்கா.”

“பிள்ளைகிட்ட இல்லையே.”

சந்தனமாரி நிமிர்ந்தாள். “அது எங்க இருக்குன்னுகூட தூணு காட்டுமா?”

“காட்டும்.”

“அத அவுக சொல்லல. எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்காக, இத மட்டும் படிக்கல,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். அழவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது நகை எதுவும் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. இப்படி ஒரு இடமா என்று அவள் வீட்டில் மலைத்துப்போனார்களாம். கல்யாணத்தை மட்டும் சீக்கிரம் வைக்க வேண்டும் என்றார்களாம். சீக்கிரம் உண்டாகவில்லை என்று மாமியார் இரண்டு டாக்டர்களிடம் கூட்டிக்கொண்டு போனாள். உண்டான பிறகு தரையில் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

“எட்டாம் மாசந்தான் தெரிஞ்சுது. வக்கீல் வந்திருந்தாரு. இன்னும் ரெண்டு வாய்தா வாங்கணும், மருமக பெத்து எந்திரிக்கட்டும்னு எங்க மாமா சொல்லுதாக. நான் மோர் கொண்டுட்டுப் போறேன். என்னைப் பாத்தும் பேச்சை நிறுத்தல. அப்பதான் எனக்கு விளங்குச்சு. கேசு தேதியப் பாத்துத்தாங்கா என்னையக் கட்டுனதே.”

முப்பிடாதி கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டு வியாபாரியின் கேசில் ஒருத்தி வந்தாளே, பச்சைச் சேலை, நெற்றியில் தையல் தழும்பு, அவளுக்கும் இப்படித்தானா? அவள் பிள்ளை இப்போது நடக்குமா?

யார் குத்துவதாக ஏற்பாடு என்று கேட்டாள். கொம்பையா என்றாள் சந்தனமாரி. சின்ன வயது, சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்று பேசி வைத்திருக்கிறார்கள். வராந்தாவில் பிள்ளையை அவனிடம் மாற்றிக் கொடுக்கிறது போல இவள் அதைக் கொடுக்க வேண்டும். ஆவுடையப்பன் கூண்டில் ஏறுவதற்கு முன்னால்.

“அதக் குடுத்துரு தாயி,” என்றாள் முப்பிடாதி.

“குடுத்துட்டு?”

“போலீஸ் பிடுங்கிட்டாங்கன்னு சொல்லு.”

“நீலத்த யாரும் தொடக் கூடாதுன்னு அவுகளுக்குத் தெரியாதாக்கா? நானே குடுத்தேன்னு தெரிஞ்சிரும். அப்புறம் பிள்ளைய வாங்கி வச்சுக்கிட்டு என்னைய மட்டும் அனுப்பிருவாக. எங்க அனுப்புவாகன்னு சொல்ல முடியாது.” அவள் குரல் ஒரே சீராக இருந்தது. “அந்த ஆவுடையப்பரு எங்க கல்யாணத்துக்குப் பாத்திரம் தந்தவரு. ஒரு குண்டான் குறையுதுன்னு மறுநாள் வந்து நின்னாரு. அவரு மொகத்தப் பாக்காம கத்திய எப்படிக் கொம்பையாகிட்ட குடுக்கன்னுதான் வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன்.”

முப்பிடாதி ஜன்னல் பக்கம் போனாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பால் கொடுக்கிற அறைக்குள் எந்த ஆணும் வர முடியாது. பிள்ளை எவ்வளவு நேரம் குடிக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

“அவரு கூண்டுல ஏறி இறங்குற வரைக்கும் பிள்ளை குடிக்கட்டும்,” என்றாள். “நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். இங்கனயே இரு. நான் இன்னைக்குச் சாயங்காலம் மேல சொல்லிருவேன். இடுப்புல வச்சிட்டு வாரது, ஆம்பிளைங்க காத்து நிக்கிறது, எல்லாம் சொல்லிருவேன். விலக்கைத் தூக்கினாலும் தூக்கட்டும்.”

“தூக்கிட்டா எனக்கும் சிவப்பு எரியுமாக்கா?”

“கத்தி இருந்தா எரியும். உடனே எரியும். உத்தரவு ஒரே நிமிஷத்துல எல்லாத் தூணுக்கும் போயிரும்.”

சந்தனமாரி பிள்ளையை எழுப்பி மார்பில் விட்டாள். அது அரைத் தூக்கத்தில் சப்பியது.

வெளியே கோர்ட்டு டவாலி சாட்சியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன், ஆவுடையப்பன், ஆவுடையப்பன். மூன்றாவது தடவை கூப்பிட்டு முடிவதற்குள் உள்கதவைத் தட்டினார்கள். மதினி, மதினி என்று கொம்பையாவின் குரல். தட்டுவது பலமானது. சந்தனமாரி உடம்பை இறுக்கிக்கொண்டாள். பிள்ளை வாயை எடுத்துவிட்டு அழுதது. பிறகு ஜெபக்கனியின் குரல் கேட்டது.

“ஏல, உள்ள பொம்பளை பால் குடுக்கா. இன்னொரு தரம் தட்டுன, தட்டுன கையை முறிச்சு மறு கையில குடுத்துருவேன். போலே அந்தப் பக்கம்.”

சத்தம் அடங்கியது. ஆவுடையப்பன் இப்போது கூண்டில் நிற்பார். பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுவேன் என்று சொல்லச் சொல்வார்கள். அவர் சொல்லச் சொல்லப் பலவேசம் உள்ளே போவான். இவள் பிள்ளையோடு எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள். முப்பிடாதி அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய காரியம் எதையும் தான் செய்ததில்லை என்றுகூட நினைத்தாள்.

வெகு நேரம் ஆகவில்லை. அவள் எதிர்பார்த்ததைவிட மிகச் சீக்கிரமாகவே ஜெபக்கனி கதவைத் தட்டி, நான்தான் என்றாள். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

“முடிஞ்சுது கதை. சாட்சி பிறண்டுட்டான்.”

முப்பிடாதிக்கு விளங்கவில்லை.

“ஒண்ணும் பாக்கலையாம். அன்னைக்கு ஊருலயே இல்லையாம். போலீஸ் மிரட்டி எழுதி வாங்கிட்டாகளாம். கூண்டுல ஏறுன உடனே கோர்ட்டைச் சுத்திச் சுத்திப் பாக்கான். ஜட்ஜய்யாவே, என்ன தேடுதேருன்னு கேட்டாரு. பின்னால ஒருத்தி கைப்பிள்ளையோட உக்காந்திருந்தா, வேற கேசுக்காரி, ஜீவனாம்சத்துக்கு வந்தவ. அவளப் பாத்தான் பாரு, நடுங்கிப்போயிட்டான். அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் இல்ல, தெரியாது, இல்லதான். அரசு வக்கீல் பையைத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. இனி கேசு நிக்காது.” சந்தனமாரியின் பக்கம் திரும்பினாள். “பலவேசம் பெண்டாட்டியாம்மா நீ? உம் புருஷன் தப்பிச்சான் போ. வெளிய வந்து உன்னையத்தான் கேக்கான்.”

ஜெபக்கனி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். விசிறுவதை நிறுத்தினாள். முப்பிடாதி எதற்காக இவளை இவ்வளவு நேரம் இங்கே உட்கார வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வெளியே அவர்களைக் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கிறேன், ரொம்ப நேரம் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்கதவை முப்பிடாதி மறுபடியும் தாழ்போட்டாள்.

கத்தி உள்ளே போகவே இல்லை. போகாமலே தன் வேலையைச் செய்துவிட்டது. மாட்டு வியாபாரியைக் குத்திய கத்தி யார் மடியில் வந்தது என்று விசாரணைக்குத் தெரியாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெரிய கூடத்தில், ஏதோ ஒருத்தி மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்து ஒரு மனுஷன் நடுங்கியிருக்கிறான். இனிமேல் எந்தச் சாட்சி கைப்பிள்ளைக்காரியைப் பார்த்தாலும் நடுங்குவான். கத்தி இருக்கிறவளா இல்லாதவளா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நீலம் எரிந்ததை அவன் பார்க்கப்போவதில்லை.

“நான் உள்ள போயிருந்தாலும் அவரு இதத்தான் சொல்லியிருப்பாரு,” என்றாள் சந்தனமாரி. “நான் போயிருந்தா அவுகளுக்கும் என் மேல கோவம் இருந்திருக்காது.”

அது நிஜம். முப்பிடாதி அவளை இழுத்து உட்கார வைத்ததால் ஆவுடையப்பன் பிழைத்தாரா என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்லலாம், அது இல்லாமலே பிழைத்திருப்பார் என்றும் சொல்லலாம். ஆனால் இந்தப் பெண் கூப்பிட்டபோது வரவில்லை என்பது மட்டும் நிச்சயமாக நடந்துவிட்டது. இன்று இரவு அவளுடைய வீட்டில் அதைத்தான் கேட்பார்கள். குளத்தங்கரையில் ஒருவனை வெட்டிவிட்டுக் கோர்ட்டில் இருந்து சிரித்துக்கொண்டு வருகிறவன் கேட்பான்.

தெருக்கதவுக்கு அப்பால் ஆட்டோக்கள் போகிற சத்தம் கேட்டது. ஸ்டேஷன் பக்கம்தான். மதியத்துக்கு மேல் ஒரு வண்டி உண்டு. ஸ்டேஷனில் இரண்டு தூண், வண்டி ஏறுகிற இடத்தில் ஒன்று, இறங்குகிற ஊரில் எத்தனையோ. நாற்பத்தொரு நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த ஊரில், எந்தத் தூணையும் பயமில்லாமல் கடந்து, உடம்பில் ஒரு கத்தியோடு போகக் கூடியவர்கள் யார்? இவளைப் போல நாலைந்து பேர் இருப்பார்கள். இவளைத் தேடி வரப்போகிற ஆண்கள் பஸ் ஸ்டாண்டிலும் ஸ்டேஷனிலும் வெறுங்கையோடுதான் வர வேண்டும்.

சாயங்காலம் முப்பிடாதி வாயைத் திறந்தால் அந்த ஒன்பது நாளும் போய்விடும். வாயைத் திறக்காவிட்டால், அந்த நாட்களுக்குள் வேறு எந்தக் கோர்ட்டிலாவது வேறு எவளாவது இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். வேறு யாராவது சாவார்கள். செத்தால் அதில் தனக்குப் பங்கு இல்லை என்று அவள் சொல்லிக்கொள்ள முடியாது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் யோசித்தாள். மனசுக்குள் ஒரு பக்கம் மாட்டு வியாபாரி இருந்தார். இந்தப் பக்கம், பெஞ்சில், பெயர் வைக்காத பிள்ளை ஒன்று ஏப்பம் விட்டது.

தான் என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்தே அவள் பேசியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

“நான் இன்னைக்குச் சொல்லல,” என்றாள். “உன் நாள் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் சொல்லுதேன்.”

சந்தனமாரி அவளையே பார்த்தாள்.

“தெருக்கதவு பூட்டல,” என்றாள் முப்பிடாதி.

உள்கதவுக்கு வெளியே ஆண்கள் சிரிப்பும், ஜெபக்கனி உரக்க எதையோ விளக்கிக்கொண்டிருக்கிற சத்தமும் நெருங்கி வந்தன. பலவேசத்தின் குரல் எது என்று முப்பிடாதிக்குத் தெரியாது. ஆனால் ஒரு குரல் வந்ததும் பெஞ்சில் இருந்தவள் எழுந்துவிட்டாள். பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு கால் செருப்பு பெஞ்சுக்கு அடியில் போயிருந்தது. குனிந்து காலாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முந்தானையால் இடுப்பை இறுக்கிச் செருகினாள். முப்பிடாதி கையை நீட்டி எதையாவது கேட்பாளோ என்பது போல ஒரு விநாடி நின்றாள். முப்பிடாதி கையை நீட்டவில்லை.

அவள் தெருக்கதவைத் திறந்து, வெயிலில் இறங்கி, ஸ்டேஷன் பக்கமாகத் திரும்பிப் போனாள்.